உள்ளூர்க் காரணம்

போன மாதம் மலை நிலையத்திலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் போளூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். பழைய கருவிகளை எல்லாம் கழற்றிவிட்டுக் கணினி வைக்கிறார்களாம். கழற்றும்போது கிடைத்த பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் நகலை என் முன் விரித்தார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரு மணி நாற்பது நிமிடப் பதிவு, உள்ளூர்க் காரணத்தால் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று.

"அது இன்னா சார் உள்ளூர்க் காரணம்? உங்களக் கேட்டா தெரியும்னு சொன்னாங்க" என்றார் ஒருவர்.

தெரியும். வாயால் சொன்னால் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தால் ஒருமுறை பெரிய தொந்தரவு வந்திருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் ஏழாம் வகுப்பில் பாதிவரை படித்தவன். பிறகு லாரி கிளீனர், ஆந்திரப் பக்கம் புகையிலைக் கொட்டகை, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி என்று சுற்றினேன். கிணற்று வண்டியில் இடது கைச் சுண்டுவிரலின் நுனி போயிற்று. எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் சந்தவாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, மலைக்கு மரப்பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். பெட்டியின் மேல் 'கவிழ்க்காதே' என்று எழுதியிருந்தது. உள்ளே என்ன என்று பார்க்கிற ஆசையில்தான் மேலே போனேன். இருபத்தெட்டு வருடம் கழித்து ஓய்வு பெற்று இறங்கினேன்.

உள்ளே இருந்தது கண்ணாடி போன்ற தடித்த பிளாஸ்டிக் பலகை. வானத்திலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று அதன் வழியாகப் போனால் பலகை ஒரு கணம் மினுங்கும். அந்த மினுக்கைப் பிடித்து எண்ணுவதற்குக் கீழே ஒரு குழாய். காட்டில் நான்கு இடங்களில் தகரக் கூரை போட்ட சின்னக் குடிசைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பலகை வைத்தோம். நான்கிலிருந்தும் கம்பி இழுத்து நடு அறைக்குக் கொண்டுவந்தோம். அங்கே நீளமாக ஓடும் காகிதத்தில் நான்கு பேனாக்கள் இரவும் பகலும் நெளிந்து நெளிந்து கோடு போடும். மலைக்கு அப்போது மின்சாரம் இல்லை. நான்கு குடிசைக்கும் ஒரே ஜெனரேட்டர்.

முதல் மூன்று மாதம் கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என் பயிற்சி. அதன் பிறகு நடை. காலையில் ஒன்றாம் குடிசையில் தொடங்கி நான்காம் குடிசையில் முடிப்பேன். கதவைத் திறந்ததும் கொஞ்ச நேரம் இருட்டில் நிற்க வேண்டும். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் கறுப்பு நாடா ஒட்ட வேண்டும். பிறகு பெட்டிமேல் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். எலி, எறும்பு, கரையான் வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். நடு அறைக்கு வந்ததும் ரேடியோவில் மணி அடிக்கும்போது காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு கிழித்து நேரம் எழுத வேண்டும். பேனாவால் எழுதக் கூடாது, மை ஈரத்தில் பரவும். அடித்து எழுதக் கூடாது. தவறானால் பக்கத்தில் மறுபடி எழுதி, இரண்டுக்கும் கையெழுத்துப் போட வேண்டும். ஜெனரேட்டரை நிறுத்தினால் காரணம் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சுருள். ஒரு சுருளை விரித்தால் சிறிய கொல்லை நிலம் ஒன்றின் நீளம் வரும்.

இதையெல்லாம் வகுத்தவர் லலிதா மேடம். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். மலைக்காரர்களுக்கு அவர் டாக்டரம்மா. பட்டத்தில் டாக்டர் என்று இருந்ததால் காய்ச்சல், கட்டி என்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே வெந்நீர் வைத்துக் கட்டியைக் கழுவிவிடுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பார்த்தீங்களா, கேட்டீங்களா, நினைச்சீங்களா?" நினைத்தேன் என்றால் கோபிக்க மாட்டார். பதிவேட்டில் 'நினைத்தது' என்று எழுதச் சொல்வார்.

நாங்கள் தேடியது மிகச் சிறிய கருந்துளை வெடிப்பதை.

பெரிய கருந்துளை நட்சத்திரம் செத்து உண்டாவது. அது எங்கள் வேலையில்லை. பிரபஞ்சம் தோன்றிய புதிதிலேயே, இருந்த நெருக்கத்தில் சின்னச் சின்னதாகச் சில உண்டாகியிருக்கலாம் என்று ஒரு கணக்கு. ஒரு மலையின் எடை இருக்கும், ஆனால் அளவு அணுவின் நடுப்புள்ளி. அவை சும்மா இருக்காது. உள்ளே இழுப்பதைவிட அதிகமாகச் சூட்டை வெளியே விட்டு எடை குறைந்துகொண்டே வரும். எடை குறையக் குறையச் சூடு ஏறும். சூடு ஏற ஏற இன்னும் வேகமாகக் குறையும். கடைசி நொடியில் வெடித்துப் போய்விடும். எங்கோ வெகு தூரத்தில் அப்படி ஒன்று வெடித்தால், அதன் கதிர் வந்து நம் காற்றில் மோதித் துகளாகக் கொட்டும். அப்போது நான்கு பேனாக்களும் ஒரே நேரத்தில் மேலே எகிறி இறங்க வேண்டும். வேறு மாநிலத்தில் இருந்த இன்னொரு நிலையத்திலும் அதே நேரத்தில் எகிறியிருந்தால்தான் நம்பலாம். உலகத்தில் அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

எனக்கு இது பிடித்துப்போயிற்று. ஊர் ஊராகச் சுற்றியவனுக்குச் சுருங்கிக்கொண்டே ஓடும் ஒன்றைத் தேடுவது தோதான வேலை. பிடித்துப்போனதை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வாரச்சந்தை டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னேன். "நம்ம மலை மொத்தத்தையும் அமுக்கி ஒரு கடுகுல பத்துல ஒரு பங்கு ஆக்கினா எப்பிடி இருக்கும்? அது மேலேந்து விழுந்தா இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் அமெரிக்காவுல வரும்" என்றேன். கடுகு என்று மேடம் சொல்லவில்லை. அமெரிக்காவும் நான் சேர்த்ததுதான்.

நான்காம் குடிசை மேல்கொல்லை என்ற சிற்றூரின் ஓரத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே வெள்ளச்சி அக்காவின் கொல்லை. புருஷன் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. ஒரு மகள், இரண்டு எருது, அந்தச் சாமைக் கொல்லை. குடிசைக்குப் போகும்போதெல்லாம் கூழ் கொடுப்பார். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை வீடு பக்கத்து மலை. அவர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள்: மைக் செட் பாட்டு இருக்க வேண்டும். மலையில் அதுவரை எந்தக் கல்யாணத்திலும் மைக் செட் பாடியதில்லை.

சந்தவாசலிலிருந்து மைக் செட்காரர் கோவிந்தன் ஒலிபெருக்கிக் குழாயும் பெட்டியும் பேட்டரியும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். வழியில் பேட்டரி சுமந்தவர் பாறையில் சறுக்கி விழுந்தார். ஆளுக்கு ஒன்றும் இல்லை, பேட்டரி உடைந்துவிட்டது. புளியமரத்தில் குழாயைக் கட்டிவிட்டுக் கோவிந்தன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த வாரம் மேடம் பெங்களூர் போயிருந்தார். நிலையம் என் பொறுப்பு.

வெள்ளச்சி அக்கா குடிசை வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏழுமல, உங்க கம்பியில கரண்டு ஓடுதுல்ல?"

"அது மெஷினுக்கு ஓடுறது யக்கா."

"ஒரு பாட்டுக்கு எத்தினி கரண்டு குடிச்சிடும்? எருது குடிக்கிற தண்ணிய எறும்பு குடிச்சா காலியாயிடுமா? சம்பந்தி வூட்டுக்காரங்க மரத்தையே பாத்துகினு குந்தினுகீறாங்கப்பா."

நான்காம் குடிசையின் பிளக்கிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தேன். கோவிந்தன் சுவிட்சைப் போட்டார். மலை முழுக்கப் பாட்டு இறங்கியது. ஒன்றில் நிற்கவில்லை. தாலி கட்டி, சாப்பாடு முடியும்வரை பாடியது. நடுப்பகலில் வழக்கம்போல டீசல் ஊற்ற ஜெனரேட்டரை நிறுத்தினேன். அந்த நேரத்தில் கம்பியையும் பிடுங்கிவிட்டேன். காகிதத்தில் 'டீசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாட்டைப் பற்றி எழுதவில்லை.

மேடம் திரும்பி வந்து ஒரு வாரச் சுருள்களையும் பார்த்தார். அந்த நாளின் சுருளில் ஓரிடத்தில் கை நின்றது. நான்கு பேனாக்களும் ஒன்றாக எகிறி இறங்கியிருந்தன. அளவுகோலை எடுத்து மூன்று முறை அளந்தார். பிறகு எழுந்து வெளியே போய் மரத்தடியில் நின்றுவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏழுமலை, அன்னைக்கு ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா? இடி, மின்னல், ஏதாவது?"

காகிதத்தின் ஓரத்தில் நானே எழுதிய நேரத்தைப் பார்த்தேன். பாட்டு தொடங்கிய நேரம் அது.

"ஒண்ணும் இல்லீங்க மேடம்."

அவர் சுருளைத் தனியாக அலமாரியில் வைத்துப் பூட்டினார். இன்னொரு நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் நடக்கும்போது சின்னதாக ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். சொன்னால் வேலை போகும் என்ற பயம் எனக்குப் பெரிதில்லை, போன வேலைகள் எத்தனையோ. அந்த முணுமுணுப்பை நிறுத்த மனம் வரவில்லை.

ஆனியில் நல்ல மழை பெய்தது. மறுநாள் காலை வெள்ளச்சி அக்காவின் கொல்லை நடுவில் ஒரு பொந்து திறந்திருந்தது. ஆள் தலை நுழையும் அகலம். ஊரே கூடிவிட்டது. டீக்கடையில் நான் சொன்ன கதை எல்லோருக்கும் நினைவு வந்தது. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர், அந்தக் கொல்லையில் யாரும் கால் வைக்கக் கூடாது, ஏர் பூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் ஓடினேன். கையை விட்டுத் துழாவி நான்கு முள் எடுத்துக் காட்டினேன். "முள்ளம்பன்னி வளைங்க இது. மழையில மேல் மண்ணு உள்ள வுழுந்துடுச்சி."

"பன்னி வளைதான் ஏழுமல" என்றார் ஊர்க்கவுண்டர். "அந்த வளையில அது வந்து வுழுந்திருந்தா? நீதானே சொன்ன, இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வரும்னு. பன்னி எங்கே? அமெரிக்காவுல கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் கொல்லையில் இறங்கவில்லை. வெள்ளச்சி அக்கா சிரிக்கவில்லை. மண்ணில் ஈரம் நான்கைந்து நாள்தான் நிற்கும். அதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருடம் வீட்டில் சாமை இல்லை. அவருக்கு வேறு நிலமும் இல்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். டீக்கடைக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "கடுகா?" என்றார். அவ்வளவுதான். உடனே கிளம்பி வந்தார்.

கொல்லை வரப்பில் உட்கார்ந்து சொன்னார். "நாங்க தேடுறது இருக்குதான்னே தெரியாதுங்க. இருந்தா, அது கடுகுல கோடியில ஒரு பங்குகூட இல்ல. மண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவுல பூந்து போயிடும். பொந்து விழாது. பூமிய விழுங்க அதுக்கு வாய் போதாது."

"அப்ப ஆபத்தே இல்லீங்களா?" என்றார் வெள்ளச்சி அக்கா.

நானாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். மேடம் கொஞ்சம் யோசித்தார். "இருக்குங்க. ரெண்டு ஆள் தூரத்துல போனா நம்மளப் பிடிச்சு இழுக்கும். நெருப்ப விடச் சூடு. பக்கத்துல வெடிச்சா இந்த மலை இருக்காது. ஆனா அப்படி ஒண்ணு நம்ம பக்கத்துல வந்திருந்தா எங்க பேனா நாலும் எகிறி ஒடிஞ்சிருக்கும். ராப்பகலா கோடு போடுதுங்க. நான் சொல்றத நம்ப வேணாம். நீங்களே ஒரு நாளச் சொல்லுங்க. அந்த நாளோட காகிதத்தக் கொண்டாந்து இங்கயே விரிக்கிறேன். நீங்களே பாருங்க."

"நானா நாள் சொல்லணும்?"

"நீங்கதான். நான் பொறுக்கி எடுத்தேன்னு இருக்கக் கூடாது."

வெள்ளச்சி அக்காவுக்கு நினைவில் நிற்கும் நாள் ஒன்றுதான். "எம் பொண்ணு கல்யாணத்தன்னிக்கி."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு நாள் சொல்லுங்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாவியை என்னிடம் கொடுத்து, "அலமாரியில தனியா இருக்கே, அதுதான். கொண்டுவாங்க" என்றார்.

சுருளைக் கொல்லையின் நீளத்துக்கு விரித்து, ஓரத்தில் கல் வைத்தோம். நான்கு கோடுகளையும் பார்த்து, "ஏர்ச்சால் ஓட்டினாப்பல கீது" என்றார் வெள்ளச்சி அக்கா. வெறுங்காலோடு, காகிதத்தை மிதிக்காமல், குனிந்தபடியே நடந்தார். ஊர் வரப்பில் நின்று பார்த்தது. பாதிக் கொல்லை தாண்டவில்லை. நின்றார்.

"இது இன்னா?"

மேடம் பக்கத்தில் போனார். "அது இன்னதுன்னு எனக்கு இன்னும் தெரியாதுங்க. நாங்க தேடுறது அதுவா இருக்கலாம். ரொம்ப தூரத்துல வெடிச்சிருக்கலாம். உங்க கொல்லைக்கு அதனால ஒண்ணும் இல்ல."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. வரப்பில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். வெள்ளச்சி அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "தாலி கட்டுற நேரத்துலயா வெடிச்சிது? சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா எம் பொண்ண வெச்சி வாழுவாங்களா?"

விதைப்புப் போனால் அந்த ஒரு வருடத்தோடு போகும். அந்தப் பெண்ணின் பேரில் இது ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் போகாது. நான் காகிதத்தைத் தாண்டிப் போய் மேடத்தின் எதிரில் நின்றேன்.

"மேடம், அது கருந்துளை இல்லீங்க. மைக் செட்டு."

"என்னது?"

"பேட்டரி ஒடஞ்சி போச்சிங்க. நாலாம் குடிசையிலேந்து கம்பி இழுத்துக் குடுத்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். குரல் மாறவில்லை. "பார்த்தீங்களா, கேட்டீங்களா, நினைச்சீங்களா?"

"செஞ்சேங்க."

அந்த முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனதைப் பார்த்தேன். அவர் என்னை ஏசவில்லை. குனிந்து காகிதத்தைப் பார்த்தார். "சுவிட்சு போட்டப்போ மின்சாரம் ஒரு நொடி தடுமாறியிருக்கும். நாலும் தப்பா எண்ணியிருக்கும். சரி. அப்படின்னா அணைச்சப்பவும் எகிறியிருக்கணுமே? எங்கே?"

நான் காகிதத்தோடு நடந்தேன். கோடுகள் அறுந்து வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினேன். என் கையெழுத்தில் 'டீசல்'. "ஜெனரேட்டர நிறுத்தினப்பதாங்க பிடுங்கினேன்."

இரண்டு இடத்துக்கும் நடுவே நேரத்தை எண்ணினார். ஒரு மணி நாற்பது நிமிடம்.

"இதுவும் இன்னும் நினைச்சதுதான்" என்றார். "மறுபடி செஞ்சி பார்க்கணும். அதே பெட்டி, அதே குழாய். அந்த மைக் செட்காரர் எங்க இருக்கார்?"

அன்றே சந்தவாசலுக்கு இறங்கினேன். கோவிந்தன் முதலில் வர மறுத்தார். "இன்னா ஏழுமல, கல்யாணம் முடிஞ்சி பொண்ணு மாசமாவே இருக்கும், இன்னாத்துக்கு இப்ப பாட்டு?" என்றார். காரணத்தைச் சொன்னதும் தானே பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை குழாயை அதே புளியமரத்தில் கட்டினோம். ஊர்க்கவுண்டரும் வெள்ளச்சி அக்காவும் நடு அறையில் பேனாக்களின் முன்னால் நின்றார்கள். மேடம் கையில் கடிகாரம். ஒருவர் பாறைமேல் நின்று துண்டை வீச, மேல்கொல்லையில் கோவிந்தன் சுவிட்சைப் போட்டார். நான்கு பேனாக்களும் ஒன்றாக எகிறி இறங்கின. இரண்டு விநாடி கழித்துத்தான் மலையைத் தாண்டிப் பாட்டு வந்து சேர்ந்தது.

"இன்னொரு தபா" என்றார் ஊர்க்கவுண்டர்.

ஐந்து முறை செய்தோம். ஐந்தாவது முறை வெள்ளச்சி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு உங்க பேனாகூட ஆடிச்சிங்களா டாக்டரம்மா?" என்றார். மேடமும் சிரித்தார். அன்று பிற்பகலே ஊர்க்கவுண்டர் தன் எருதுகளையும் அனுப்பி, இரண்டு ஏராக ஓட்டினார்கள். முள்ளம்பன்றி வளையை நான் மண்போட்டு மூடினேன். மாலைக்குள் சாமை விதைத்தாயிற்று.

வேலை போகும் என்று மூட்டை கட்டி வைத்திருந்தேன். மேடம் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி, நடந்ததை எல்லாம் என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். பொய் சொன்னதையும் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, அதன் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

"நான் இல்லாதப்ப கல்யாணம் வந்தா இனிமே பேட்டரி நம்ம அறையில இருக்கு, குடுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆடி பாதியில் அந்த இன்னொரு நிலையத்திலிருந்து பதில் வந்தது. அந்த நேரத்தில் தங்களிடம் எதுவும் பதிவாகவில்லை என்று. "நீங்க சொல்லலைன்னாலும் இது வந்து உண்மையச் சொல்லியிருக்கும்" என்றார் மேடம். பிறகு சன்னல் வழியாக மேல்கொல்லைப் பக்கம் பார்த்தார். அங்கே வெள்ளச்சி அக்காவின் சாமை அதற்குள் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. "ஆனா இது ஆடியிலதான் வந்திருக்கு."

மூன்று வருடம் தேடினோம். ஒன்றும் எகிறவில்லை. கட்டுரை எழுதியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. மேடத்துக்கு இல்லை. இத்தனை காலம், இவ்வளவு வானம் பார்த்தோம், ஒன்றுகூட வெடிக்கவில்லை என்றால், அவை இதற்குமேல் அதிகமாக இருக்க முடியாது என்று எல்லை கட்டிவிட்டோம் அல்லவா என்றார். இல்லை என்பதை அளந்து சொல்வதும் ஒரு கண்டுபிடிப்பு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பெரிய கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. நான் அறிந்தவரை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லை மட்டும் இறுகிக்கொண்டே வருகிறது. தேடுகிறவர்கள் குறையவில்லை.

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் சுரங்கத்துக்குள் ஏதோ பெரிய எந்திரத்தை ஓட்டப்போகிறார்கள், அதில் குட்டிக் கருந்துளை பிறந்து உலகத்தை விழுங்கும் என்று தொலைக்காட்சியில் சொன்னபோது, மேல்கொல்லையிலிருந்து எனக்குப் போன் வந்தது. வெள்ளச்சி அக்காவின் மகள். அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"இன்னா மாமா, இது நெசமா, மைக் செட்டா?" என்றாள்.

ஆகவே, பொறியாளர் தம்பிகளே, அந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தில் வானத்தில் என்ன நடந்தது என்று நிச்சயமாகச் சொல்ல எங்களால் முடியாது. மேல்கொல்லையில் நடந்தது தெரியும். ஒரு கல்யாணம். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.